பொட்டு வைத்த டாலர்

ஆலங்காயத்தில் மோட்டார் காயில் கட்டும் பாஷா பாய், நான் நீட்டிய நோட்டை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்துவிட்டார்.

"இன்னா ஏழுமலை அண்ணே, கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது? முகூர்த்தத் தேதி மட்டும் காணோம்?"

அது நூறு டாலர் நோட்டு. அதில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரப் பெரியவரின் நெற்றியில், கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. வைத்தவன் நான்.

"பாய், இது எட்டாயிரத்துக்கு மேல போவும். நீ ஏழாயிரம் எடுத்துக்க. மிச்சம் உனக்கு."

"எனக்கு எதுக்குண்ணே? ஒயர் வாங்கற கடையில இத நீட்டினா, என்னைப் புடிச்சி உக்கார வெச்சிட்டு போலீசுக்கு போன் பண்ணுவான். ரூவா குட்து மோட்டார எட்துனு போ."

பயம் வந்தால் எனக்கு முதலில் காது சுடும். அப்புறம், சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் சிரிப்பேன். அன்றும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

கடைக்கு வெளியே என் ஜீப்பின் முன்சீட்டில் காளியம்மா உட்கார்ந்திருந்தாள். என் அத்தை மகள். அவளை எனக்குக் கட்டிவைக்கப் பெரியவர்கள் பேசிய காலத்தில், "இவன் பேச்ச ஒரு நாளு கேக்கலாம், ஆயுசுக்கும் எவ கேப்பா?" என்று சொல்லித் தப்பித்தவள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊரின் பதினெட்டு வீடுகளிலும் வசூலித்து, மோட்டார் கூலி ஏழாயிரத்தை என் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த ஏழாயிரம் என்னிடம் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

"இன்னா மாமா, இவ்ளோ நேரம்? மோட்டார தூக்க ஆளு வேணுமா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ஒண்ணுமில்லம்மே! பாய் டீ சாப்ட்டுட்டுதான் போவணும்னு சொல்றாரு!"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நா எப்போ சொன்னேன்?"

ஓடையில் கிடக்கும் குடங்கள்

போன வாரம் இந்தப் பத்தியில் என் ஜீப்பின் பிரேக்கைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இந்த ஆளை நம்பி மலையில் எப்படி ஏறுகிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வேறு வழி இல்லாமல்தான் அம்மா. எங்கள் ஊருக்கு பஸ் என்பது அமாவாசை, பௌர்ணமி மாதிரி. அதனால் ஜீப் ஓட்டுகிறவன்தான் தபால்காரன், மருந்துக்கடை, விதைக்கடை எல்லாம். ஊர்ப் பணத்தை வாங்கிக்கொண்டு கீழே போவேன், சாமானோடு மேலே வருவேன். யாரும் ரசீது கேட்டதில்லை.

அந்த முறை கீழே போயிருந்தது ஊர் போர்வெல் மோட்டார். காயில் எரிந்து ஒன்பது நாள். தண்ணீருக்குப் பெண்கள் எல்லோரும் கீழே ஓடை ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பலா பழுக்கும் காலம். பலா பழுத்தால் மனிதர்களுக்கு முன்னால் கரடிக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு நாளைக்கு முன்பு, விடிந்தும் விடியாத நேரத்தில், ஊற்றின் மறுகரையில் ஒரு தாய்க்கரடி குட்டியோடு நின்றிருக்கிறது. ஆறு பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். காளியம்மாவின் மருமகள் நிறைமாதம். அவள் ஓடி வந்ததை யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே போதுமாக இருந்தது. குடங்கள் இன்னும் ஓடையில்தான் கிடந்தன. வீடுகளில் இருந்த தண்ணீரும் தீர்ந்தாயிற்று; மறுநாள் காலை யார் போவது என்று வீட்டுக்கு வீடு பேச்சு.

பாஷா பாய் கடைக்கு மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுமுறை. மச்சான் வீட்டுக் கல்யாணம். ஆக, மோட்டார் அன்று மலை ஏறியாக வேண்டும்.

"கடன்னு மட்டும் கேக்காதண்ணே. இதுவரைக்கும் மலைக்குப் போன மோட்டாரு திரும்பி வந்துருக்கு, துட்டு வந்ததில்ல" என்று, நான் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

போணி

இனி, அந்த டாலர் என் கைக்கு வந்த கதை.

அதற்கு முந்தின நாள் காலை, ஜமுனாமரத்தூரில் ஒரு வெளிநாட்டு அம்மாள் என் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். பெயரை மார்த்தா என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் பெயரைச் சொன்னார். அங்கே பனி நிறையப் பெய்யும் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. மலையில் இருக்கும் பழங்காலக் கல்வீடுகளைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கல்வீடுகளில் நாங்கள் ஆடு கட்டுவோம். அதைப் பார்க்க ஒருவர் கடல் தாண்டி வருவார் என்றால் எனக்கென்ன வலிக்கிறது?

ஆனால் அவர் கையில் ரூபாய் இல்லை. ஏடிஎம்மில் காசு தீர்ந்து இரண்டு நாள். போன் மூலம் பணம் அனுப்பும் வித்தை அவர் நாட்டு நம்பரில் நடக்காது. ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்துக் காட்டிவிட்டு, உதட்டைப் பிதுக்கினார்.

என் சட்டைப்பையில் ஊர்ப் பணம் ஏழாயிரம் கனத்தது. நூறு டாலர் எட்டாயிரத்துச் சொச்சம் என்று டீக்கடைப் பேச்சில் என்றைக்கோ கேட்ட ஞாபகம். மறுநாள் கீழே போகிறோம், மாற்றிவிட்டால் மோட்டார் மோட்டாராக இருக்கும், ஆயிரம் ரூபாய் நமக்கு. புத்திசாலித்தனம் எனக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு வந்துவிட்டது.

ஏழு விரல்களைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், யாருமில்லாத ரோட்டைப் பார்த்தார். "ஓகே, ஓகே" என்றார்.

அடுத்து நான் செய்ததை எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருமே செய்வார்கள். அன்றைய முதல் காசு போணி. அதைக் கண்ணில் ஒற்றி, ஸ்டீயரிங்கில் ஒருமுறை தொட்டு, வண்டிப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, குங்குமம் இட்டு எடுக்க வேண்டும். பத்து ரூபாயோ ஐநூறோ, போணி போணிதான். கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. டாலர் என்றதால் பக்தி கொஞ்சம் அதிகம். எண்ணெய் தொட்டு, அழுத்தி, பெரிய பொட்டாகவே வைத்தேன். அப்புறம் அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கக் கல்வீடு கல்வீடாகக் காட்டினேன்.

சொந்தக் காசையே நம்பாதவர்கள்

துட்டு, துட்டு என்கிறோமே, அது டச்சுக்காரன் காசின் பெயராம். வெகுநாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கப்பலில் வந்தவன் போய்விட்டான், பெயர் நம் வாயில் தங்கிவிட்டது. ரூபாய் என்பதும் வடக்கே ஒரு சுல்தான் வெள்ளியில் அடித்த காசிலிருந்து வந்தது என்கிறார்கள். வழிப்போக்கர்கள் ஒவ்வொருவரும் ஒரு காசைக் கொண்டுவந்து, இங்கே எதையோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சரியான விலை கிடைத்தது என்பது சரித்திரத்தில் இல்லை.

நாங்களோ சொந்த நாட்டுக் காசையே நம்பாதவர்கள். பத்து ரூபாய் நாணயம் வந்தபோது எங்கள் பக்கம் வருஷக்கணக்கில் ஒருவரும் வாங்கவில்லை. அரசாங்கம் அடித்த காசு, அரசாங்கமே செல்லும் என்கிறது, நானோ பஸ்டாண்டில் நின்று, "தாளா குடு, இத எவன் வாங்குவான்?" என்று அரசாங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த சமயம் இன்னும் விசேஷம். அன்றைக்கு எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. மறுநாள் காலை கீழேயிருந்து ஒரு வியாபாரி வேனோடு வந்தார். புளிக்கு நாங்கள் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். தேனுக்கும் அப்படியே. எல்லாம் முழு முழு ஆயிரம் ரூபாய்த் தாள்கள். "இந்த மாதிரி தங்கமான மனுஷன பாத்ததே இல்ல" என்று ஊரே வழியனுப்பி வைத்தது. இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தது.

அன்று நான் திட்டிய திட்டில் அந்த ஆளுக்கு விக்கல் எடுத்திருக்கும். நிலவரம் தெரிந்தவன் தெரியாதவனிடம் தாராளமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று ஊருக்கே பிரசங்கம் செய்தவன் நான். ஏழு விரலைக் காட்டியவனும் நானேதான். ஒரே ஆள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பாயிடமிருந்து பொட்டு நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மோட்டாருக்கு ஒரு பேரிங் வேணுமாம். வாணியம்பாடியிலதான் கெடைக்குமாம்" என்றேன்.

"பாயி கட்டி முடிச்சிட்டேன்னு போன் பண்ணாரே?"

"அது நேத்து பேரிங். இது இன்னிக்கு பேரிங்."

காளியம்மா என் காதைப் பார்த்தாள். அவள் சும்மா பார்த்தால் எனக்கு இன்னும் பயம்.

வாணியம்பாடியில், ஒரு மாடியில், வெளிநாட்டுப் பணம் மாற்றும் கடை. குளிர்ந்த அறை. கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெண். தலைக்கு மேலே கேமரா. கேமராவைப் பார்த்ததுமே நான் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டேன்.

"பாஸ்போர்ட் சார்?"

"வண்டியில கீதும்மா." பாஸ்போர்ட் எந்தக் கலரில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

"இந்த டாலர் உங்களுக்கு எப்படி வந்தது?"

"தங்கச்சி வூட்டுக்காரர் துபாயிலேர்ந்து அனுப்னாரு." எனக்குத் தங்கச்சியே கிடையாது. துபாய்க்காரன் ஏன் டாலர் அனுப்புகிறான் என்று அவள் கேட்டிருந்தால், அங்கேயே விழுந்திருப்பேன்.

அவள் நோட்டைத் திருப்பினாள். "சார், எழுத்து, கறை, சீல் இதெல்லாம் இருந்தா எங்களால எடுக்க முடியாது. இதுல பொட்டே வெச்சிருக்கீங்க."

"தொடச்சி தர்றேம்மா."

எச்சில் தொட்டு வேட்டி நுனியால் துடைத்தேன். எண்ணெய்க் குங்குமம் போகவில்லை, பரவியது. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு அது இறங்க, பெரியவர் நலங்கு வைத்த மாப்பிள்ளையைப் போல ஆகிவிட்டார். அவர் பார்வை வேறு என்மேலேயே இருந்தது.

"வெச்சிடுங்க சார், கிழிஞ்சிடப் போவுது" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் இரக்கத்தோடு. "யார்கிட்ட வாங்குனீங்களோ அவங்ககிட்டயே குடுங்க. ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. லைசென்ஸ் இல்லாதவங்க இப்படி வாங்கி மாத்தறது தப்பு."

தப்பு என்ற சொல் என் காதில் விலங்கு பூட்டும் சத்தமாகக் கேட்டது. படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு போவது, செய்தித்தாளில் என் பழைய ரேஷன் கார்டு போட்டோ வருவது, அதில் என் ஒரு கண் மூடியிருப்பது, எல்லாம் கடைசிப் படிக்குள் நடந்து முடிந்துவிட்டன.

அதற்கு அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. ஓடையில் கிடக்கும் ஆறு குடங்கள். நாளைக்குக் காலையில் யார் போவார்கள்? என்ன ஆனாலும் யாராவது போய்த்தான் ஆக வேண்டும். தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள்? அந்த நிறைமாதப் பெண்ணின் கால்கள் கண்ணுக்குள் ஓடின. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

"வண்டிய திருப்பு"

"பேரிங் எங்க மாமா?"

நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆயிரம் ரூபாய் லாபம் பார்த்ததை மட்டும் விட்டுவிட்டேன். காளியம்மா அந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதோட வெல இன்னா?"

"எட்டாயிரத்துச் சொச்சம்."

"நீ குட்த்தது?"

"ஏழு."

"யார் துட்டுல?"

நான் கியர் கம்பியைத் துடைத்தேன்.

"எங்க துட்டுல நீ ஒரு பொம்பளைய ஏமாத்தினா, ஏமாத்தனது பதினெட்டு வூடும் இல்லியா? அந்த அம்மா எங்க தங்கினு கீது?"

"ஜமுனாமரத்தூர்ல. நாளைக்குக் காலையில போவுதாம்."

"வண்டிய திருப்பு."

அந்த மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று சுற்றுலாப் பயணிகள் எண்ணுவார்கள். நான் அன்றுதான் முதல்முறையாக எண்ணினேன். ஒவ்வொரு வளைவிலும், அந்த அம்மாள் ஒருவேளை இன்றைக்கே கிளம்பிப் போயிருந்தால் என்று தோன்றியது. அடுத்த வளைவில், போகாமல் இருந்தால் என்ன சொல்வது என்று தோன்றியது. எது அதிக பயம் என்று எனக்கே தெரியவில்லை. காளியம்மா அந்த நோட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே வந்தாள். திட்டினாலாவது பதில் சொல்லிக்கொண்டு வரலாம்.

மார்த்தா லாட்ஜ் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் கல்வீட்டை வரைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காளியம்மா இறங்கியதைப் பார்த்த பிறகே மறுபடி உட்கார்ந்தார்.

அவர் போனில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தது. முதலில் காளியம்மா அதன் எதிரே குனிந்து, "இவன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்மா, நாயம் கேக்க வந்துக்கீறோம்" என்றாள். போன் யோசித்தது. ஆங்கிலத்தில் எதையோ சொன்னது. மார்த்தா மழை வருமா என்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

அந்தப் போனுக்கு எங்கள் மலைப் பேச்சு புரியாது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டும். அது மூவரில் எனக்குத்தான் வரும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அம்மா, தங்கள் டாலருக்குத் திருமணம் இனிதே நிறைவேறியது."

போன் சொன்னது. மார்த்தா குழப்பத்தோடு, "கங்கிராட்ஸ்" என்றார்.

"மாமா." காளியம்மா குரலை உயர்த்தவில்லை. "நேரா சொல்லு."

அந்தப் போன் ஒரு கொடுமையான கருவி. கிண்டல் அதில் ஏறாது. இழுத்துப் பேசினால் ஏறாது. எழுவாய், பயனிலை எல்லாம் வைத்து, முழு வாக்கியமாகச் சொன்னால்தான் கேட்கும். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அப்படிப் பேசினேன்.

"நான் உங்களுக்குக் குறைவாகக் கொடுத்தேன். அது என் பணம் இல்லை. என் ஊர்ப் பணம். தண்ணீர் மோட்டாருக்காகக் கொடுத்தது. உங்கள் நோட்டை நான் கறையாக்கிவிட்டேன். எனக்கு ஏழாயிரம் ரூபாய் திரும்ப வேண்டும்."

போன் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்த்தா வரைந்துகொண்டிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு போனை வாயருகே வைத்து மெதுவாகப் பேசினார். போன் அதைச் செய்தி வாசிப்பதுபோலவே எங்களுக்குச் சொன்னது.

"எனக்கு விலை தெரியும். நீங்கள் ஏழு விரல்களைக் காட்டியபோது நான் தனியாக இருந்தேன். வண்டி உங்களுடையது. வழி எனக்குத் தெரியாது. மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை. அதனால் சரி என்றேன். அன்று முழுவதும் எனக்குப் பயமாக இருந்தது."

எங்கள் வீட்டுக் கோழிகூட என்னைப் பார்த்து ஒதுங்கியதில்லை. பல்லிக்குப் பயம், ஆர்டிஓவுக்குப் பயம், டாக்டரின் பேனாவுக்குப் பயம் என்று வாழ்ந்தவன் நான். அந்த மலைப்பாதையில், என் ஜீப்பின் பின்சீட்டில், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருத்தி என்னைப் பார்த்து நாள் முழுக்கப் பயந்திருக்கிறாள். நான் முன்சீட்டில் விசிலடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

காளியம்மா நாற்காலியருகே போய், மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் போன் தேவைப்படவில்லை.

அன்று மதியம்தான் ஏடிஎம்மில் பணம் வைத்திருந்தார்கள். மார்த்தா உள்ளே போய் ஏழாயிரம் கொண்டுவந்து, என்னிடம் கொடுக்காமல் காளியம்மாவிடம் கொடுத்தார். பொட்டு அப்பிய நோட்டை வாங்கி, தான் வரைந்துகொண்டிருந்த புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

தண்ணீர்

பாஷா பாய் கல்யாணத்துக்குக் கிளம்ப ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்து, பணத்தைக் கொடுத்து மோட்டாரை ஏற்றினோம். வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் வந்துவிட்டோம். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து மோட்டாரைக் குழிக்குள் இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று, பிறகு செம்மண் கரைசல், பிறகு தண்ணீர். காளியம்மாவின் மருமகள் முதல் குடத்தைப் பிடித்தாள்.

"ஏழுமலை போனா காரியம் முடியாம வர மாட்டான்" என்றார் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர். எனக்குக் காது சுட்டது. காளியம்மாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தால் ஊர் கூடும், தண்டம் போடுவார்கள், ஒரு வருஷத்துக்கு என் ஜீப்பில் எவரும் ஏற மாட்டார்கள். அவள் பாட்டுக்குக் குழாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கேட்டேன்.

"ஏம்மே, ஊர்ல ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? எல்லாரும் திட்டுவாங்க. நீ நடுவுல நின்னு ஒரு ஜோக்கு சொல்லுவ. அவனுங்க சிரிச்சிட்டு வூட்டுக்குப் போய்டுவானுங்க. உனக்கு பயம் விட்டுப் போய்டும். சொல்லாம இருந்தாதான் மாமா நீ பயந்துனே இருப்ப."

சில வருஷமாக அப்படியேதான் இருக்கிறேன். ஊரில் இரண்டு பேர் நின்று பேசினால் பிரேக் போடுகிறேன். வெளியூர்க்காரர் வண்டியில் ஏறினால், வாடகையை மூன்றுமுறை சொல்லி, பக்கத்துக் கடைக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இந்த இதழ் வியாழக்கிழமை ஜமுனாமரத்தூர் கடைக்கு வந்துவிடும். எங்கள் ஊருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனும் நான்தான்.